முழங்கால் வலியோடு நடக்க எது தோது: தனுஷ்கோடி பூநாரை சரணாலயமா, காரங்காடா?

மதுரைப்பயணி கேட்டது:

வணக்கம். பொங்கல் கூட்டம் வடிந்ததும் தை மாதக் கடைசியில் இரண்டு காலைப் பொழுதுகளை ராமநாதபுரம் கடற்கரையில் நடப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். கோயில், தீர்த்தமெல்லாம் தனி நாளில். இது நடைக்கும் பறவைக்கும் மட்டும்.

நான்கு பேர் வருகிறோம். அம்மாவுக்கு 64 வயது, வலது முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனால் 3 கிலோமீட்டர் தாங்குவார். படி இறங்குவதும் மணலில் காலை இழுத்து நடப்பதும்தான் ஆகாது. அப்பாவுக்கு 70, பல வருடச் சர்க்கரை, பாதத்தில் மரமரப்பு உண்டு. பையனுக்கு 8 வயது, ஓடிக்கொண்டே இருப்பான்.

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்தார்களே, அங்கே நடக்க எந்தப் பக்கம் வசதி? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? தண்ணீர் வற்றிய சேற்றுத் தரையில் இறங்கிப் பறவைக்கு அருகில் போகலாமா? காரங்காட்டு அலையாத்திக் காட்டில் நடக்க முடியுமா, படகு மட்டும்தானா? காலுக்கு என்ன போட்டுக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சக்கரக்கோட்டை எழுதியது:

அம்மாவுக்குக் கோதண்டராமர் கோயில் சாலைதான். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி போகும்போது பெரிய சாலையிலிருந்து இடது கைப் பக்கம் பிரிகிற தார்ச்சாலை. கோயில் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம். மேடு பள்ளம் கிடையாது, இரண்டு பக்கமும் கணுக்கால், முழங்கால் ஆழத்தில் பரந்து கிடக்கும் உவர்நீர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தபோதும் தப்பி நின்ற கோயில் அது. போய்த் திரும்பினால் உங்கள் அம்மாவின் 3 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதுவும் முடியாது என்றால் கோயில் வாசல் வரை வண்டியில் போய் இறங்கி, திரும்பும் வழியை மட்டும் நடக்கச் சொல்லுங்கள். வண்டி பிரிவுச் சாலை முனையில் நிற்கட்டும்.

இந்தக் கடற்கரையில் தூரத்தைப் பார்த்து நடையை முடிவு செய்யக் கூடாது, தரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காய்ந்த இளக மணலில் நடப்பதற்குத் தார்ச்சாலையில் நடப்பதைப்போல இரண்டு மடங்கு உழைப்பு ஆகும். கால் பதியும்போது மணல் பின்னால் நழுவுகிறது. அந்த நழுவலை ஒவ்வொரு அடியிலும் முழங்காலும் கெண்டைச்சதையும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அரைக் கிலோமீட்டர் மணல் என்றால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். பையனுக்கும் உங்களுக்கும் அது ஒன்றுமில்லை, அம்மாவுக்கு மறுநாள் கால் வீங்கும்.

சரணாலய அறிவிப்பு வந்தது 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று. பரப்பு 524.7 ஹெக்டேர். சின்னதுதான். ஆனால் மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் வருகிற நீர்ப்பறவைகளுக்குத் தென்னிந்தியாவின் நுனியில் கிடைக்கிற கடைசித் தங்கல்களில் ஒன்று. பூநாரைகள் இங்கே முட்டையிடுவதில்லை. குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு மழைக்காலத்தை ஒட்டி இங்கே இரை தேடி வருகின்றன. தையும் மாசியும் பார்ப்பதற்கு நல்ல மாதங்கள். எந்த மூலையில் நிற்கும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த வருட மழை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறும். ஆழம் கூடினால் அவற்றுக்குக் கால் எட்டாது, முழுக்க வற்றினால் இரை இருக்காது.

தை மாதத்தில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழும். ஆறேகாலுக்குப் பிரிவுச் சாலையில் இருங்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சாலை வடக்கே போகிறது. காலையில் வெயில் கிழக்கே இருந்து விழுவதால் சாலைக்கு மேற்குப் பக்கத் தண்ணீரில் நிற்கும் பறவைகள் நல்ல வெளிச்சத்தில் தெரியும். கிழக்குப் பக்கம் பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் இருக்கும். கிழக்கில் கூட்டம் நின்றால் ஏமாற வேண்டாம், கோயில் வரை போய்த் திரும்பி வரும்போது வெயில் ஏறி நிறம் தெரியும்.

நெருங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சாலையை விட்டு இறங்காதீர்கள். குறைந்தது 200 மீட்டர் இடைவெளி வேண்டும். பூநாரை இரை எடுக்கும்போது கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வரும்படி தண்ணீரில் வைத்துச் சேற்றை அரித்துக்கொண்டே நடக்கும். அப்படிக் கவிழ்ந்த தலைகள் இருக்கும்வரை உங்களால் தொந்தரவு இல்லை. ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்து, நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் அடுத்தது பறத்தல்தான். உடனே நான்கைந்து அடி பின்னால் வாருங்கள். ஒருமுறை எழுப்பிவிட்டால் இரை எடுக்கும் நேரமும் போகிறது, சேர்த்து வைத்த கொழுப்பும் செலவாகிறது. இறகின் சிவப்பு தெரிய வேண்டும் என்பதற்காகக் கைதட்டிக் கிளப்பிவிடுகிறவர்கள் உண்டு. பையனிடம் முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள். தாமாக இடம் மாறும்போதே செம்மையும் கறுப்பும் கலந்த இறக்கை நன்றாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் அழுக்கு வெள்ளையாக நிற்பவை நோய்ப்பட்டவை அல்ல, இளம் பறவைகள்.

8 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். 10 மடங்கு என்றால் வாடைக் காற்றில் கை ஆடி எதுவும் நிலையாகத் தெரியாது. கூடவே உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, கடற்காகம் எல்லாம் இருக்கும். தலைக்கு மேல் செம்பருந்து வட்டமிட்டால் சின்னப் பறவைகள் மொத்தமாக எழும். அது நீங்கள் செய்த பிழை அல்ல.


கச்சான் எழுதியது:

மேல எழுதின அண்ணன் சொன்னது சரி. காத்தையும் கடலையும் பத்தி நான் சொல்றேன்.

எங்க பக்கம் வடக்க இருக்கற பாக் நீரிணையப் பெண் கடல்னும், தெக்க இருக்கற மன்னார் வளைகுடாவ ஆண் கடல்னும் சொல்லுவாங்க. ஆனி ஆடியில கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். நீங்க வர்ற தையில வாடை. அப்ப நேர் மாறு. வடகடல்தான் கலங்கி அலையடிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். அதனால ஈர மணல்ல கொஞ்சம் கால் வைக்கணும்னா தனுஷ்கோடிச் சாலைக்குத் தென்பக்கம் இறங்குங்க.

ஈர மணல்லயும் எல்லா இடமும் ஒண்ணு இல்ல. அலை வந்து தொட்டுட்டுப் போன உடனே தண்ணி உள்ள இழுத்து, காலை வச்சா சுத்தி வெளிறிப் போய் கெட்டியா நிக்கற பட்டை ஒண்ணு இருக்கும். ரெண்டு மூணு அடி அகலம்தான். அதுலதான் நடக்கணும். அதுக்கு மேல போனா இளகல், கீழ போனா அலை காலுக்கடியில இருக்கற மணலை உருவும். இன்னொண்ணு, கரை கடலைப் பார்த்துச் சரிஞ்சிருக்கும். மேற்க பார்த்து நடந்தா கடல் பக்கத்து இடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. மேட்டுல இருக்கற முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கூட மடங்கும். அம்மாவுக்கு வலது முட்டிதான் வலினு சொல்றீங்க, அதனால அவங்க அந்தச் சரிவுல நடக்கவே வேண்டாம். மத்தவங்க போன வழியிலயே திரும்பி வந்தா ரெண்டு காலுக்கும் சமமாப் போயிரும்.

அரிச்சல்முனைக்குப் போவீங்க, போகாம இருக்க மாட்டீங்க. சாலை முடியற வட்டத்துல இருந்தே ரெண்டு கடலும் தெரியும். அங்க கால் நனைக்கறது, குளிக்கறது ரெண்டும் கூடாது. ரெண்டு பக்க நீரோட்டமும் சந்திக்கற இடம். கரை சட்டுனு இறங்கும், இடுப்பளவு தண்ணினு நினைச்சு எடுத்து வைக்கற அடுத்த அடி ஆளை முழுங்கும். மேல பார்க்க அமைதியா இருக்கறது அடியில இழுக்கறதுக்கு ஒரு அடையாளமும் காட்டாது. மணல் நாக்கும் ஒரே மாதிரி இருக்காது, காத்து மாறினா வளைவும் மாறும். போன வருசம் எடுத்த போட்டோவைப் பார்த்துட்டு இங்கதான் நின்னாங்கனு போய் நிக்காதீங்க. பையனைத் தண்ணி ஓரத்துல இருந்து பத்து அடிக்கு இந்தப் பக்கமே வச்சுக்கங்க.

காத்துக்கு ஒரு கணக்கு: போகும்போது எதிர்காத்து, திரும்பும்போது முதுகுக்குப் பின்காத்து. கோயில் சாலையில வடக்க போறது வாடைக்கு எதிர. தெம்பு இருக்கும்போதே அதை முடிச்சுட்டா களைச்சு வரும்போது காத்தே தள்ளிக் கொண்டாந்து விட்ரும். மணி எட்டு தாண்டினா காத்து ஏறும், மணல் பறந்து முகத்துல அறையும். வயசானவங்களுக்குச் சாதாரண வெள்ளைக் கண்ணாடி ஒண்ணு இருந்தா நல்லது.

ஏத்தம் வத்தம் (கடல் தண்ணி ஏறி இறங்கறது) பத்தி யாராவது பயமுறுத்துவாங்க. இங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உசர வித்தியாசம் அரை மீட்டரைச் சுத்தித்தான். ஆனா தரை தட்டையா இருக்கறதால அந்த அரை மீட்டரே ரொம்ப தூரம் பரவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நல்லா வத்தும், நல்லா ஏறும். அட்டமி, நவமிக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஆறு மணிக்கு வத்தம்னா நாளைக்கு ஆறே முக்கால், ஏழுக்குப் பக்கம் வரும், தினம் முக்கால் மணிக்கு மேல தள்ளிப் போகும். வாடை ஓங்கி அடிச்சா வடகடல் தண்ணியைத் தள்ளிக் கொண்டாந்து கரையில ஏத்தும், அன்னிக்கு இந்தக் கணக்கெல்லாம் நிக்காது.

வண்டியை இருட்டறதுக்குள்ள திருப்பிருங்க. சாயந்தரம் அந்தச் சாலையில யாரையும் தங்க விட மாட்டாங்க.


கண்டல்காடு எழுதியது:

சேற்றில் இறங்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆட்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

தை, மாசியில் உவர்நீர் வற்றும்போது ஓரத்தில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு தரை வெளிப்படும். பார்க்கக் காய்ந்த களம் மாதிரி இருக்கும். மேலே இருப்பது உப்பும் பாசியும் சேர்ந்து உலர்ந்த ஒரு ஏடு, அப்பளம் கனம்தான். வெயிலில் வெடித்து ஓரங்கள் மேலே சுருண்டிருக்கும். அதற்குக் கீழே கறுப்புச் சேறு, எங்கள் பக்கம் உளை என்போம். ஏடு ஒரு குழந்தையைத் தாங்கும், பெரியவர் வைக்கும் மூன்றாவது அடியில் உடையும். காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் புகாத உளையைக் கிளறிவிட்டீர்கள் என்று அர்த்தம். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் கடல்நீரில் உள்ள சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. நாற்றமும் கறுப்பும் அதனால்தான்.

கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையை விட்டு எந்த இடத்தில் இறங்குவதானாலும் முதலில் கம்பை ஊன்றிச் சாயுங்கள். இரண்டு விரற்கடைக்குள் நின்றால் நடக்கலாம். நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள். உமரிச் செடி அடர்ந்து வளர்ந்த இடம் பெரும்பாலும் கெட்டி. செடியே இல்லாமல் பளபளவென்று இருக்கும் வழுக்கைத் தரைதான் உளை. ஆனால் உமரியை மிதித்துப் போகாதீர்கள், தண்டு கண்ணாடி மாதிரி முறியும்.

கால் சிக்கினால் மறு காலை உந்தி இழுக்கக் கூடாது, உந்துகிற காலும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்காருகிற மாதிரி எடையைப் பரப்புங்கள். சிக்கிய காலின் குதிகாலை மெல்ல ஆட்டினால் பக்கத்தில் இடைவெளி விட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கும். உறிஞ்சல் விட்டதும் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி மேலே உருவுங்கள். வந்த வழியிலேயே திரும்புங்கள், குறுக்கு வழி தேடாதீர்கள்.

இனி காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரிய வேண்டும். வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. அங்கே முக்கியமானது படகுதான். சதுப்புக்காட்டுக்குள் நடந்து போவதற்கு இடம் குறைவு. நடக்க வேண்டும் என்று மட்டும் வருவதானால் தனுஷ்கோடி. அலையாத்திக் காட்டை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்றால் காரங்காடு. உங்கள் அம்மாவுக்கு இது முழங்காலுக்கு ஓய்வு தரும் இரண்டாவது நாளாக அமையும். படகில் ஏறி இறங்கும்போது மட்டும் கவனம். நல்ல காலை முதலில் ஏற்றுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். உயிர்காப்புச் சட்டையின் மூன்று கொக்கிகளையும் மாட்டச் சொல்லுங்கள், பையனுக்கு அளவு பெரிதாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே அதிகம் நிற்பது வெண்கண்டல். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். உளையில் காற்றில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. அவற்றை மிதித்தால் உங்கள் பாதமும் கிழியும், மரமும் திணறும். படகில் கிளை கைக்கு எட்டினால் ஒரு இலையைப் பறிக்காமல் விரலால் தடவிப் பாருங்கள், நரநரவென்று உப்புத் துகள் ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் வடிகட்டியது போக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. பையனுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பதைவிட அந்த ஒரு தொடுதல் போதும். சுரபுன்னை கண்ணில் பட்டால் ஊன்றுகோல் மாதிரி நாலாபுறமும் இறங்கும் வேரையும், கிளையிலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் நாற்றையும் காட்டுங்கள்.

காட்டோரச் சேற்றுத் திட்டில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் கையசைத்துக்கொண்டிருக்கும். அவை ஆண்கள். பேசாமல் இரண்டு நிமிடம் நின்றால் வளைக்குள் போனவையெல்லாம் திரும்ப வெளியே வரும். ஆள் அசைந்தால் மொத்தத் திட்டும் வெறிச்சோடிவிடும்.


பாதநலம் எழுதியது:

முடநீக்கியல் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் சில குறிப்புகள்.

அம்மா கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்க் கை. வலது கால் முன்னே போகும்போது தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும். பலரும் வலிக்கிற பக்கத்திலேயே பிடித்து உடம்பை அந்தப் பக்கமே சாய்த்துவிடுகிறார்கள், அதனால் மூட்டுக்குப் பாரம் கூடத்தான் செய்யும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் குப்பி தேய்ந்திருந்தால் புறப்படும் முன் மாற்றுங்கள், உப்பு ஈரம் பட்ட தாரில் வழுக்கும்.

400 காலடி நடந்தால் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும் என்று வலி வருவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் வழியெங்கும் உட்கார மேடை எதிர்பார்க்க முடியாது. மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருக்கட்டும், 45 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல். மீன்பிடிக்கப் பயன்படுத்தும் குட்டி முக்காலி வேண்டாம், அதிலிருந்து எழுவது படி இறங்குவதைவிடக் கஷ்டம்.

அப்பா எந்த நிலையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மணல் மெத்தென்று இருக்கிறது, ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். மரமரப்பு உள்ள பாதத்துக்குக் கிளிஞ்சல் கீறியதும் தெரியாது, ஒன்பது மணி மணல் சுட்டதும் தெரியாது. விரல் மூடிய, பின்னால் பட்டை உள்ள ஷூ. உள்ளே வெளிர் நிறப் பருத்தி உறை. வெளிர் நிறம் என்றால் ரத்தம் கசிந்தாலும் கண்ணில் படும். மாட்டும் முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுங்கள், ஒரு சிப்பித் துண்டு போதும் புண்ணாக்குவதற்கு. திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊறிய உறையை உடனே கழற்றிவிட வேண்டும்.

சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு விடியற்காலையில் நடக்க வைக்காதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். பையில் குளுக்கோஸ் பொட்டலமும் பிஸ்கட்டும் வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதிகாலையில் அங்கே கடைகள் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். வாடைக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும், தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு மடக்கு குடிக்கச் சொல்லுங்கள்.


மதுரைப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோயில் சாலை முதல் நாள், காரங்காடு இரண்டாம் நாள் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள். பையன் கிளிஞ்சல் பொறுக்க ஆசைப்படுகிறான். எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது? காலைக் காற்று அதிகமாக இருந்தால் நிழலோடு நடக்க வேறு இடம் உண்டா?


கச்சான் எழுதியது:

தம்பி, ரெண்டாவதுக்கு முதல்ல. அரியமான். உச்சிப்புளிக்குப் பக்கம், வடகடல் கரை. சவுக்குத் தோப்பு இருக்கு, காத்தை அது வாங்கிக்கும், நிழலும் உண்டு. சவுக்கு இலை உதிர்ந்து மெத்தை மாதிரி மூடின தரை, மணல் அவ்வளவா நழுவாது. ஆனா அந்த மெத்தைக்கடியில வேர் புடைச்சுக்கிட்டு இருக்கும், அம்மா தடியால தடவிக்கிட்டே நடக்கணும். சவுக்குக் காய் உருண்டையா முள்ளோட கிடக்கும், அப்பாவுக்கு ஷூ கட்டாயம். சீமைக் கருவேலம் இருக்கற ஓரத்துக்குப் போகாதீங்க, அந்த முள் அவாய் செருப்பைக் குத்திக்கிட்டு மேல வந்துரும். மணல் மேட்டுல பந்து பந்தா இருக்கற ராவணன் மீசையும் அப்படித்தான், நுனி ஊசி.

வாடை காலத்துல வடகடல் கரையில கடற்புல் குவியல் குவியலா ஒதுங்கும். அதை மிதிச்சு நடக்க வேண்டாம். அடியில அறுந்த வலை, தூண்டில் முள், சொறி (ஜெல்லி மீன்) எல்லாம் சிக்கியிருக்கும்.

சொறி கண்ணாடி மாதிரிக் கரையில கிடக்கும். செத்துருச்சுனு தொடக்கூடாது, செத்தும் கொட்டும். பட்டுட்டா கடல் தண்ணியாலதான் அலசணும். நல்ல தண்ணி ஊத்தினா ஒட்டியிருக்கற நூல் இன்னும் வெடிச்சுக் கொட்டும். மணலைப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. ஒட்டியிருக்கறதைத் துணி சுத்தின கையாலயோ குச்சியாலயோ எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மூச்சு வாங்கினா ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க. கரையில ஒதுங்கின கடல்பாம்பையும் குச்சியால புரட்ட வேண்டாம், நல்ல விஷம் அதுக்கு.

அரியமான்ல முழங்கால் தண்ணியில இறங்கினா காலைத் தூக்கித் தூக்கி வைக்காம, தரையோட தேய்ச்சுக்கிட்டே போகணும். மணலுக்குள்ள புதைஞ்சிருக்கற திருக்கை அதிர்வு தெரிஞ்சு நகர்ந்துரும். நேரா மிதிச்சாத்தான் வாலை வீசும். அப்படிக் குத்திட்டா, பொறுக்கற சூட்டுல வெந்நி, கை வச்சுப் பார்த்துட்டுத்தான், அதுல காலை அரை மணி நேரத்துக்கு மேல வச்சாத்தான் வலி அடங்கும். அப்பாவுக்குச் சூடு தெரியாதுங்கறதால அவரைத் தண்ணியிலயே இறக்காதீங்க. முள் ஒடிஞ்சு உள்ள நின்னா நீங்களா பிடுங்காம டாக்டர்கிட்டப் போங்க.


கண்டல்காடு எழுதியது:

கிளிஞ்சல் விஷயம். பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. செத்து வெளுத்துக் கரையில் கிடக்கும் பவளத் துண்டும் அதில் அடங்கும். அழகாக இருக்கிறதென்று பையில் போட்டால் வழியில் சோதனையில் பதில் சொல்ல வேண்டிவரும். சங்கு, சோழி வகைகளிலும் பல இதே சட்டத்துக்குள் வருகின்றன, எது எது என்று பையனால் பிரித்தறிய முடியாது. ஆகவே எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைப்பது என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள். கூம்பு வடிவில் கோலம் போட்ட மாதிரி இருக்கும் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. உள்ளே உயிர் இருந்தால் குறுகிய முனையிலிருந்து விஷ ஊசியை நீட்டிக் குத்தும்.

வெறும் ஓடு போலக் கிடப்பதிலும் பாதிக்கு ஆள் இருக்கும். மெத்தென்ற வயிறு கொண்ட ஒரு வகை நண்டு காலி ஓட்டுக்குள் குடியிருந்து, வளர வளரப் பெரிய ஓட்டுக்கு மாறும். ஓட்டை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் கண்ணும், பிறகு காலும் வெளியே வரும்.

அவனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் ஈர மணலில் மிளகளவு மணல் உருண்டைகள் வட்டமாகப் பரவிக் கிடக்கும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சின்ன வளை இருக்கும். அதில் வாழும் குட்டி நண்டு மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டிய நுண்பாசியை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. வத்தம் ஆரம்பித்ததும் வேலை தொடங்கும், ஏற்றம் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். உருண்டைகள் வளையிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று பார்த்தால் தண்ணீர் விலகி எவ்வளவு நேரமாயிற்று என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.


சக்கரக்கோட்டை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அரியமான் தோப்பும் கோயில் சாலையும் பிரச்சினை இல்லை. ஆனால் ஊர் திரும்பும் வழியில் சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அன்று அம்மாவைக் கரையில் ஏற்றாதீர்கள். 2025-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த கண்மாய்தான், பார்க்க வேண்டிய இடமும்தான். ஆனால் கண்மாய்க் கரை களிமண், நனைந்தால் செருப்படியில் அடையடையாக ஒட்டி வழுக்கும். இரண்டு நாள் வெயில் அடித்துக் காய்ந்த பிறகு என்றால் தாராளமாகப் போகலாம்.

ட்ரோன் கொண்டுவராதீர்கள். பூநாரைகளுக்கு அது வல்லூறு மாதிரி, கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிடும். எல்லைக் கடலை ஒட்டிய பகுதி என்பதால் காவல்துறையும் கேள்வி கேட்கும்.


கச்சான் எழுதியது:

ஆட்டோ பேசும்போது காத்திருக்கற நேரத்தையும் சேர்த்தே பேசிக்கங்க தம்பி, இறங்கின பிறகு பேசாதீங்க. கோயில் சாலையில ரெண்டரை மணி நேரம் நிப்பாட்டணும், அம்மா கையைக் காட்டினா நடுவுல வந்து ஏத்திக்கணும்னு முதல்லயே சொல்லி வச்சிருங்க. செல் சிக்னல் அந்தப் பக்கம் சில இடத்துல விட்டு விட்டுத்தான் வரும், அதனால ஓட்டறவர் கண்ணுக்கு நீங்க தெரியற தூரத்துலயே அவரை நிக்கச் சொல்லுங்க.